மீன் அமிலம் 12 நாள்லயே நாறிட்டு, புழுவும் வச்சிட்டு: எதுல தப்பு?

பாளை மொட்டைமாடி:

வணக்கம். பாளையங்கோட்டையில மொட்டை மாடித் தோட்டம், 12 இஞ்ச் பை மொத்தம் 24. வழுதலங்காய் (கத்தரி), மிளகாய், தக்காளி, சீனியவரை (கொத்தவரை), நாலு பையில கீரை. கலவை செம்மண், மக்கின சாணி, தேங்காய்நார்க் கழிவு மூணும் சம பங்கு.

செடிக்கு ஊட்டமா ஊத்த, மீன் கழிவையும் வெல்லத்தையும் புளிக்கவச்சு மீன் அமிலம் போட்ட கணக்கு இது: சாளை (மத்தி) மீன் தலையும் குடலும் 1 கிலோ, நல்லா மஞ்சளா இருக்கிற வெல்லம் 600 கிராம், கரையட்டும்னு தண்ணி அரை லிட்டர். எல்லாம் 2 லிட்டர் டப்பாவுல, கழுத்து வரைக்கும் வந்துட்டு. மூடி லேசா வச்சு, சாணி, கோமியம் போட்டுச் செய்ற பஞ்சகவ்யாவுக்குச் சொல்ற மாதிரி காலையும் சாயங்காலமும் திறந்து கிண்டினது. இன்னைக்கு 12ஆம் நாள். செத்த எலி மாதிரி நாத்தம், மேல வெள்ளைப் புழு நெளியுது.

இதைத் தேத்த முடியுமா? கருப்பட்டி போட்டிருந்தா இப்படி ஆகியிருக்காதா? மிளகாய்ல பூ வைக்குது, ரெண்டு நாள்ல கொட்டிருது, அதுக்கு எதை, எத்தனை மில்லி கொடுக்கணும்? 24 பைக்குப் போதுமான அளவுல பஞ்சகவ்யா கணக்கும் யாராவது சொன்னா உதவியா இருக்கும்.

கரிசல்காட்டான்:

அண்ணாச்சி, நீங்க மீனைப் பஞ்சகவ்யா முறையில போட்டிருக்கீங்க. அங்கதான் எல்லாம் கெட்டிருக்கு. பஞ்சகவ்யாவுக்கும், அதே மாதிரி சாணிக் கரைசலான ஜீவாமிர்தத்துக்கும் காத்து வேணும், அதனாலதான் தினம் கலக்குறது. மீன் அமிலத்துக்குக் காத்தே ஆகாது. திறந்தா ஈ முட்டை வைக்கும், கிண்டுனா அழுகவைக்கிற கிருமிக்குத் தோதாப் போகும்.

வெல்லம் எதுக்குன்னு தெரிஞ்சா அளவைக் குறைக்கவே மாட்டீங்க. மீன்ல புரதம் உண்டு, இனிப்பு கிடையாது. வெறும் மீனை வச்சா அது அழுகத்தான் செய்யும். வெல்லம் முதல்ல சதையிலிருக்கிற தண்ணியை வெளியே இழுத்துரும், அழுகவைக்கிற கிருமிக்கு எடுத்துக்கத் தண்ணி மிஞ்சாது. அப்புறம் புளிக்கவைக்கிற கிருமி அந்த இனிப்பைத் தின்னு புளிப்பை உண்டாக்கும். புளிப்பு ஏறின பிறகு அழுகலுக்கு அங்க இடம் இல்லை. சதையைக் கரைக்கிற வேலையை மீன் குடல்ல இருக்கிற செரிமான நீரே பாத்துக்கும், அதனால குடலைத் தூரப் போடாதீங்க. நீங்க வெல்லத்தை 400 கிராம் குறைச்சு, மேல அரை லிட்டர் தண்ணியும் ஊத்தியிருக்கீங்க. இனிப்பு நீர்த்துப் போச்சு, புளிப்பு ஏறுறதுக்குள்ள அழுகல் முந்திக்கிட்டு.

அடுத்த தடவை இப்படிப் போடுங்க. மீன் கழிவு 1 கிலோ, வெல்லம் 1 கிலோ, ரெண்டையும் எடை போட்டே எடுக்கணும், கண்ணளவு ஆகாது. மீனைக் கழுவுனா சல்லடையில அரை மணி நேரம் வடியவிட்டு, ஒரு இஞ்ச் துண்டா நறுக்குங்க. வெல்லத்தைத் தூளா உடைச்சு, அடியில ஒரு விரல் கனத்துக்குப் போட்டு, மேல மீன், மேல வெல்லம்னு அடுக்கிட்டே வாங்க. கால் கிலோ வெல்லத்தைக் கடைசிக்குன்னு நிறுத்தி வச்சு, மேல மீன் துண்டு ஒண்ணுகூட வெளியே தெரியாதபடி மூடுங்க. ஒரு சொட்டுத் தண்ணி வேண்டாம். ரெண்டு மூணு நாள்ல அதுவே தண்ணி விட்டுரும்.

டப்பா 3 லிட்டர் பிளாஸ்டிக், மூணுல ஒரு பங்கு காலியா இருக்கணும். நுரை எழும்பும். இரும்பு, அலுமினியம் ஆகாது, புளிப்பு அரிச்சிரும். கண்ணாடிப் பாட்டிலை இறுக்கி மூடி வச்சா வெடிக்க வாய்ப்பிருக்கு. வாயில இரட்டை வேட்டித் துணி கட்டி, அதுக்கு மேல மூடி போடுங்க. முதல் 10 நாள் தினம் ஒருக்கா மூடியை மட்டும் தளர்த்தி, உஸ்ஸுன்னு காத்து போனதும் திரும்ப இறுக்கிருங்க. துணியை அவிழ்க்க வேண்டாம், கிண்டவும் வேண்டாம். டப்பாவை லேசாச் சாய்ச்சு உருட்டுனா போதும்.

வைக்கிற இடம் மாடிப்படிக்குக் கீழே. சித்திரை, வைகாசியில 21 நாள்ல ஆயிரும். கார்த்திகை, மார்கழின்னா 30 நாள், சில சமயம் 40. தேதியை நம்பாதீங்க, மூக்கை நம்புங்க: அதிகமாப் பழுத்த பழமும் பாகும் சேந்த வாசனை வரணும், முள்ளு தனியாக் கழண்டு நிக்கணும். புளிப்பை அளக்கிற பி.எச். தாள் இருந்தா 4லிருந்து 4.5க்குள்ள காட்டும். வாசனை சரியா இருந்து மேல மெல்லிசா வெள்ளை ஆடை மட்டும் இருந்தா பயப்பட வேண்டாம். பச்சை, கறுப்புப் பூஞ்சை வந்தா அந்தப் பகுதியைத் தாராளமா அள்ளிப் போட்டுட்டு ஒரு பிடி வெல்லம் தூவி மூடுங்க.

சாளைக்கு மட்டும் ஒரு விசயம். அது எண்ணெய் மீன். வடிகட்டுன பிறகு ஒரு நாள் அசையாம வச்சு, மேல மிதக்கிற எண்ணெயைக் கரண்டியால எடுத்துருங்க. எடுக்கலைன்னா ஸ்பிரேயர் அடைக்கும், இலையில பிசுக்குப் படியும். கருவாட்டுக் கழிவை எந்தக் காலத்துலயும் போடாதீங்க, அந்த உப்பு பையை விட்டு லேசுல போகாது.

தேரிமண்:

கருப்பட்டி பத்திக் கேட்டிருந்தீங்க. உடன்குடிக் கருப்பட்டி வாங்கி மீன் டப்பாவுல போடுறது காசைக் கரைக்கிற வேலை. கிருமிக்கு வேண்டியது இனிப்பு. அது கரும்புல வந்ததா பனையில வந்ததான்னு அதுக்குக் கணக்கில்லை. ஆனா பளிச்சுன்னு மஞ்சளா இருக்கிற வெல்லம் வேண்டாம், நிறத்துக்காக ஹைட்ரோஸ்ங்கிற வெளுப்பு ரசாயனம் போட்டிருப்பாங்க. கறுத்து, இளகி, அச்சு உடைஞ்சு கிடக்கிற வெல்லம் கடையில விலை குறைவாக் கிடைக்கும், அதுதான் தோது.

இப்ப இருக்கிறதைத் தேத்தலாம். மீனும் தண்ணியும் சேத்து ஒன்றரை கிலோ, வெல்லம் 600 கிராம்தான் போயிருக்கு. இன்னும் 900 கிராம் போட்டா சம எடை வந்துரும். புழுவை அள்ளிட்டு 5 லிட்டர் டப்பாவுக்கு மாத்தி, இறுக்கி மூடி இன்னும் ஒரு மாசம் விட்டுப் பாருங்க.

கரிசல்காட்டான்:

தேரிமண் அண்ணாச்சி, கணக்கு சரிதான், ஆனா நான் ஒத்துக்க மாட்டேன். லேசாப் புளிச்ச நாத்தம், புழு இல்லைங்கிற நிலைமைன்னா வெல்லம் போட்டுத் தேத்தலாம். இது புழு வச்சு, நல்லா அழுகிட்டு. இதுல இருக்கிற அம்மோனியா பையில இருக்கிற சின்ன வேரைக் கருக்கும். மீன் கழிவு சும்மா கிடைக்கிற பொருள், அதைக் காப்பாத்த 900 கிராம் வெல்லத்தைச் செலவழிக்கிறது நியாயம் இல்லை. தரையில வாழையோ தென்னையோ இருந்தா, தூர்ல இருந்து 2 அடி தள்ளி ஒன்றரை அடிக் குழி தோண்டி, காஞ்ச சருகோட கலந்து கொட்டி, மேல ஒரு அடி மண் போட்டு மிதிச்சுருங்க. மேலாப்புல புதைச்சா நாயும் பெருச்சாளியும் தோண்டிப் போட்டுரும். டப்பாவைச் சோப்புப் போட்டுக் கழுவி ரெண்டு நாள் வெயில்ல காயவைங்க.

சாரல்:

மிளகாய்ப் பூவுக்கு நான் சொல்லுதேன். மருந்துக்கு முன்னால இலையைத் திருப்பிப் பாருங்க. ஓரம் மேல் பக்கமாச் சுருண்டு படகு மாதிரி இருந்தா இலைப்பேன். கீழ் பக்கமாச் சுருண்டு காம்பு நீண்டிருந்தா சிலந்திப்பேன். இது ரெண்டுக்கும் எந்தக் கரைசலும் ஊட்டமாப் போட்டுத் தீராது, வேப்பெண்ணெய் வழிதான்: லிட்டருக்கு 5 மில்லி, கரையுறதுக்குக் கொஞ்சம் காதி சோப்பு, இலையோட அடியில நனையுற மாதிரி, வாரம் ஒருக்கா.

இலை நல்லா இருந்து பூ மட்டும் கொட்டுனா, அதுக்கு நம்ம ஊர்ல முதல் காரணம் வெயில். மொட்டை மாடித் தளம் பகல்ல வாங்குன சூட்டை ராத்திரியும் விடும், அந்தச் சூட்டுல பூ நிக்காது. பையைச் செங்கல் மேல தூக்கி வச்சு, 35 சதவீத நிழல்வலை கட்டுங்க. 50 சதவீதம் மிளகாய்க்கு இருட்டு. ரெண்டாவது, தண்ணி ஒரு நாள் காஞ்சு ஒரு நாள் வழியக் கூடாது. மூணாவது காரணத்தைத்தான் நிறைய பேர் கவனிக்கிறதில்லை: பூ வைக்கிற சமயத்துல மீன் அமிலமும் கடலைப் பிண்ணாக்குத் தண்ணியும் ஊத்திட்டே இருந்தா தழைச்சத்து ஏறி, செடி கரும்பச்சையா இலை விட்டுட்டே இருக்கும், பூவை உதறிரும். அந்தக் கொழுந்துக்குச் சாறு உறிஞ்சுற அசுவினிப் பூச்சியும் வந்து சேரும்.

முதல் மொட்டு தெரிஞ்ச உடனே மீன் அமிலத்தை நிறுத்திட்டுத் தேமோர் கரைசலுக்கு மாறுங்க. வெண்ணெய் எடுத்த புளிச்ச மோர் அரை லிட்டர், கெட்டித் தேங்காய்ப்பால் 100 மில்லி, இளநீர் 100 மில்லி. மண்பானை இல்லைன்னா பிளாஸ்டிக் வாளி, துணி கட்டி நிழல்ல 7 நாள், தினம் ஒருக்கா கலக்கணும். வடிகட்டி லிட்டருக்கு 50 மில்லி கலந்து தெளிங்க. 24 பைக்கு 2 லிட்டர் தாராளம், 10 நாளைக்கு ஒருக்கா. எண்ணெய்ப்பசை இருக்கிறதால வெயில்ல அடிச்சா இலை வெந்துரும். சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல அடிங்க. ஆனி, ஆடிக் காத்துல மருந்து இலையில நிக்காம பறக்கும், அப்ப விடியக்காலையில காத்து அடங்கியிருக்கும்போது வச்சுக்கோங்க.

உசில இலை (அரப்பு இலை) கிடைக்கிறவங்க அரப்பு மோர் கரைசலும் செய்யலாம். பச்சை இலை 200 கிராம் தண்ணி விட்டு இடிச்சுச் சாறு எடுத்து, புளிச்ச மோர் அரை லிட்டரோட 7 நாள், தெளிக்கிறது அதே 50 மில்லி. இலையிலேயே நுரை இருக்கிறதால சோப்பு தேவை இல்லை. கடையில விக்கிற தலைக்குத் தேய்க்கிற பொடியில வேற சாமான் கலந்திருக்கும், அது வேண்டாம்.

பாளை மொட்டைமாடி:

ரொம்ப நன்றி அண்ணாச்சிமாருக்கும் அக்காவுக்கும். இலை சுருட்டல் இல்லை, கரும்பச்சையாத்தான் இருக்கு. கடலைப் பிண்ணாக்குத் தண்ணி வாரா வாரம் போயிட்டு இருந்தது, நிறுத்தியாச்சு. ரெண்டு கேள்வி மிச்சம். மீன் அமிலம் தயாரான பிறகு 24 பைக்கு எவ்வளவு ஊத்தணும்? பைகளோட வெளிப்பக்கம் வெள்ளையாப் பூத்திருக்கு, அது கரைசலால வந்ததா?

தேரிமண்:

மண்ணுல ஊத்த லிட்டருக்கு 5 மில்லி, தெளிக்க 3 மில்லி. நாத்துக்கு நாலு இலை வர்ற வரைக்கும் ஒண்ணும் வேண்டாம். ஒரு பைக்குக் கலந்த தண்ணி கால் லிட்டர், 15 நாளைக்கு ஒருக்கா. ஆக 24 பைக்கு 6 லிட்டர் தண்ணியும் 30 மில்லி மீன் அமிலமும். மண் ஈரமா இருக்கும்போதுதான் ஊத்தணும், ஊத்துன பிறகு மேல ஒரு பிடி மண் தூவிட்டா பூனை தோண்டாது.

கணக்கைப் பாருங்க, ஒரு செடிக்குப் போறது ஒண்ணேகால் மில்லி. இதுல ஒரு வழுதலைச் செடி வயிறு நிறையாது. மண்ணுல இருக்கிற கிருமியைக் கிளப்பிவிடுறதுதான் இதோட பெரிய வேலை, அந்தக் கிருமிக்குத் தின்ன மக்கு உரம் இருக்கணும். பைக்கு மாசம் ரெண்டு பிடி மண்புழு உரம், கால் பிடி வேப்பம்பிண்ணாக்கு போடாம வெறும் கரைசல்லயே வளத்தா, ரெண்டாவது பறிப்புலயே செடி வெளிறிரும். இதைச் சொல்லாம "பத்து மில்லி, இருவது மில்லி"ன்னு ஏத்திவிடுறது செடிக்குச் செய்ற கெடுதல்.

வெள்ளைப் பூப்பு உப்பு. போர்த் தண்ணியில இருக்கும், கழுவாத நார்க் கழிவுலயும் இருக்கும். இலை ஓரம் கருகுதான்னு பாருங்க. பைக்கு 5 லிட்டர் நல்ல தண்ணியை மெதுவா ஊத்தி அடியில வடியவிடுங்க, மறுவாரமும் ஒருக்கா. தாமிரபரணி குழாய்த் தண்ணின்னா ஒரு ராத்திரி வாளியில திறந்து வச்சு, குளோரின் வாடை போன பிறகு கரைசல் கலக்குங்க. ஐப்பசி, கார்த்திகை மழையில உப்பு தானா இறங்கிரும், கூடவே சத்தும் போயிரும். அதனால மழை விட்டதும் மண்புழு உரம் போடுங்க.

சாரல்:

பஞ்சகவ்யா சின்னக் கணக்கு விட்டுப்போச்சு. பசுஞ்சாணி 700 கிராம், நெய் 100 கிராம், பிசைஞ்சு 3 நாள், காலையும் சாயங்காலமும் கிளறிவிடணும். நாலாம் நாள் கோமியம் 1 லிட்டர், தண்ணி 1 லிட்டர் சேத்து 15 நாள், ரெண்டு நேரம் கலக்கணும். அப்புறம் பால் 300 மில்லி, தயிர் 200 மில்லி, இளநீர் 300 மில்லி, வெல்லம் 300 கிராம், கனிஞ்ச வாழைப்பழம் ஒண்ணு ரெண்டு. மொத்தம் 30 நாள் ஆனதும் எடுக்கலாம். களக்காட்டுப் பக்கம் எந்தப் பழம் மலிவோ அதைப் போடுங்க, ரகம் முக்கியம் இல்லை. வாய் அகலமான வாளி, மேல கொசுவலையும் துணியும், மூடி போடக் கூடாது. புழு வந்தா வலையில ஓட்டைன்னு அர்த்தம். தெளிக்க லிட்டருக்கு 30 மில்லி, இரட்டைத் துணியில வடிகட்டணும்.

உங்க நாலு கீரைப் பைக்கு மட்டும் பஞ்சகவ்யாவையும் ஜீவாமிர்தத்தையும் இலை மேல தெளிக்காதீங்க. பச்சைச் சாணியில வயித்தைக் கெடுக்கிற கிருமி இருக்கும், மல்லித்தழை, புதினாவைச் சமைக்காம அரைச்சுச் சாப்பிடுதோம். அந்தப் பைகளுக்கு மக்கின உரமும் மண்புழு உரமும் போதும். மீன் அமிலம் ஊத்துனாலும் இலையில படாம மண்ணுல ஊத்துங்க.

கரிசல்காட்டான்:

சேமிக்கிறதையும் சொல்லிருதேன். வடிகட்டுன மீன் அமிலம் நிழல்ல 6 மாசம் தாங்கும், முதல் மாசம் வாரம் ஒருக்கா மூடியைத் தளர்த்துங்க. பஞ்சகவ்யா, கலக்கிட்டே இருந்தா 6 மாசம். கெட்டியானா கொஞ்சம் தண்ணி ஊத்திக் கலக்குங்க. தேமோரும் அரப்பு மோரும் ரெண்டு வாரத்துக்கு மேல வைக்க வேண்டாம். தண்ணியில கலந்தது எதுவா இருந்தாலும் அன்னைக்கே தீத்துரணும், ராத்திரி வச்சா மறுநாள் நாறும். டப்பா மேல என்ன சாமான், எத்தனை கிராம், எந்தத் தேதின்னு எழுதி ஒட்டுங்க, குழந்தைங்க கைக்கு எட்டாத உயரத்துல வையுங்க. வெல்லம் சிந்துன இடத்தைத் துடைச்சிருங்க, இல்லைன்னா எறும்பு சாரையா வந்து டப்பா வாய்த் துணியில ஏறும்.