விசா சரியாக இருக்கிறது, கவுன்டி ஜெயில் நமக்கெதற்கு என்பவர்களுக்கு

அமெரிக்காவுக்குப் புதிதாக வரும் நம்மவர்கள் வாடகை, கார், கிரெடிட் கார்டு, இட்லி அரிசி எங்கே கிடைக்கும் என்று எல்லாமே கேட்கிறார்கள். உள்ளூர் போலீசுக்கும் குடியேற்றத் துறைக்கும் என்ன தொடர்பு என்று மட்டும் யாரும் கேட்டதாக நினைவில்லை. "நாம என்ன ஆற்றைத் தாண்டியா வந்தோம், முறைப்படி விசா வாங்கி வந்தவங்க, அந்தக் கவலை நமக்கு எதுக்கு" என்பதுதான் பதில். டாலஸ் பக்கம் பல வருடமாக இருக்கிறேன். அந்தப் பதிலைச் சொன்னவர்களில் சிலர் ஒரு சின்னக் கேஸில் மாட்டி விழிபிதுங்கி நின்றதையும் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அடிப்படை. குடியேற்றச் சட்டம் மத்திய அரசுடையது, அதை அமல்படுத்துவது ஐஸ் (ICE, குடியேற்ற அமலாக்கத் துறை), எல்லைக் காவல் போன்ற மத்தியப் படைகள். நகரப் போலீசும், கவுன்டியின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஜெயிலை நடத்தும் ஷெரிஃபும் அவர்களுக்குக் கீழே இல்லை. மாநில அதிகாரிகளைத் தன் வேலையைச் செய்யும்படி மத்திய அரசு கட்டாயப்படுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1997-லேயே சொல்லிவிட்டது. ஆகவே ஒத்துழைப்பதா வேண்டாமா என்பது அந்தந்த மாநிலத்தின் அரசியல். டெக்சாஸ் 2017-இல் எஸ்பி 4 என்ற சட்டம் போட்டு, ஒத்துழைக்க மாட்டேன் என்று சொல்லும் ஷெரிஃபுக்கு அபராதம், பதவி நீக்கம் வரை வைத்தது. ஜார்ஜியா 2024-இல் அதே பாதைக்கு வந்தது, ஃபுளோரிடா அதற்கு முன்பே, 2019-இல். மறுபுறம் கலிஃபோர்னியாவில் 2018 தொடக்கத்திலிருந்து உள்ளூர் போலீஸ் எந்த அளவுக்கு உதவலாம் என்பதற்குச் சட்டமே வேலி போட்டிருக்கிறது. இல்லினாய், நியூஜெர்சி, வாஷிங்டன் மாநிலங்களும் ஏறக்குறைய அந்தப் பக்கம்தான்.

287(ஜி) என்று செய்தியில் அடிக்கடி கேட்பீர்கள். 1996-இல் வந்த சட்டப்பிரிவு அது. உள்ளூர் அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுத்து, குடியேற்ற வேலையில் ஒரு பகுதியை அவர்கள் கையிலேயே ஒப்படைக்கும் ஒப்பந்தம். சில இடங்களில் ஜெயிலுக்குள் மட்டும், சில இடங்களில் தெருவிலும். தெருவில் செய்யும் வகையை 2012-இல் கைவிட்டார்கள், 2025-இல் மறுபடி உயிர் கொடுத்துவிட்டார்கள். ஜெயில் நடத்தும் ஷெரிஃப்கள் இப்படி ஒப்பந்தம் போட்டே ஆக வேண்டும் என்று டெக்சாஸ் 2025-இல் தனிச் சட்டமே கொண்டுவந்தது.

"அப்போ நான் கலிஃபோர்னியா போயிடறேன்" என்று யாராவது சொன்னால், சரி, போங்கள், ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள். கைதாகி ஜெயிலில் கைரேகை எடுத்தால் அது எஃப்பிஐக்குப் போகிறது, அங்கிருந்து தானாகவே உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்கும் போகிறது. 2008-இல் தொடங்கி 2013-க்குள் நாடு முழுக்க வந்துவிட்ட ஏற்பாடு. ஷெரிஃப் நல்லவரா கெட்டவரா என்று அந்தக் கணினி பார்ப்பதில்லை. விசாவுக்காகச் சென்னையில் நீங்கள் வைத்த விரல்ரேகை அந்தத் துறையின் பட்டியலில் ஏற்கெனவே இருக்கிறது. மாநிலத்துக்கு மாநிலம் மாறுவது அதற்கு அடுத்த கட்டம்தான். "இவரை விடுவிக்கும் முன் எங்களிடம் சொல்லுங்கள், 48 மணி நேரம் வரை கூடுதலாக வைத்திருங்கள்" என்று ஐஸ் அனுப்பும் டிடெய்னரை அந்த ஜெயில் மதிக்கிறதா இல்லையா என்பது.

ஆகவே மாநிலம் பார்த்து ஊர் மாறுவதைவிட, ஜெயில் வாசலுக்கே போகாமல் இருப்பதில் கவனம் வையுங்கள். ஜெயில் என்றவுடன் கொலை கொள்ளை என்று நினைக்காதீர்கள். ஆஸ்டின் அருகே லாகோ விஸ்டாவில் பிள்ளைகளுடன் சீட் பெல்ட் போடாமல் ஓட்டிய ஒரு தாயைக் கைவிலங்கு போட்டு அழைத்துப் போனார்கள். அதிகபட்ச அபராதமே 50 டாலர். அப்படிக் கைது செய்தது சரியே என்று 2001-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அலபாமாவில் 2011-இல், கடுமையான குடியேற்றச் சட்டம் வந்த சூட்டில், லைசென்ஸ் கையில் இல்லாததற்காக ஒரு ஜெர்மன் கார் கம்பெனி மேலாளரையே பிடித்து வைத்தார்கள்.

நம்மவர்கள் மாட்டுவது பெரும்பாலும் நாலு விஷயத்தில். ஒன்று லைசென்ஸ். டெக்சாஸில் நமக்குக் கொடுப்பது ஐ-94 (நாட்டுக்குள் நுழைந்த பதிவு, தங்கும் கெடு அதில்தான் இருக்கும்) தேதியோடு முடிகிற லைசென்ஸ். எச்-1பி (வேலை விசா) நீட்டிப்பு வந்ததும் பார்ட்டி கொடுப்பார்கள், லைசென்ஸைப் புதுப்பிக்க மறந்துவிட்டு ஓட்டிக்கொண்டிருப்பார்கள். இரண்டாவது குடித்துவிட்டு ஓட்டுவது. தீர்ப்பு வரை காத்திருக்க வேண்டியதில்லை, கைதான தகவலே போதும், தூதரகம் விசாவை ரத்து செய்துவிடலாம், 2015-லிருந்து அந்த நடைமுறை இருக்கிறது. இங்கே வேலையைத் தொடரலாம்தான், ஆனால் ஊருக்குப் போனால் மருத்துவப் பரிசோதனையோடு விசாவுக்கு மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். மூன்றாவது, கடையில் செல்ஃப் செக்அவுட்டில் "மறந்துபோய்" ஸ்கேன் செய்யாமல் கூடையில் போட்டது. தொகை எவ்வளவு சின்னதானாலும் திருட்டைக் குடியேற்றச் சட்டம் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. நான்காவது வீட்டுச் சண்டை, அதற்குக் கீழே வருகிறேன்.

மாட்டியாகிவிட்டது என்றால்? நண்பர்கள் செய்யும் முதல் காரியம் பணம் திரட்டி ஜாமீன் கட்டுவது. அவசரப்படாதீர்கள். ஜெயிலுக்கு போன் போட்டு டிடெய்னர் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், நீங்கள் ஜாமீன் கட்டிய நிமிடத்தில் உள்ளூர்க் காவல் முடிந்து அந்த 48 மணி நேரம் ஓட ஆரம்பிக்கிறது. நண்பன் வெளியே வருவான் என்று வாசலில் நிற்பீர்கள், அவனைப் பின்வாசல் வழியாக ஐஸ் வண்டியில் ஏற்றியிருப்பார்கள். கட்டுவதா, எப்போது கட்டுவது என்பதைக் குடியேற்ற வக்கீலிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

அடுத்து, உள்ளூர் வக்கீல் "ஒத்துக்கோ, டிஃபர்டு வாங்கித் தர்றேன், ரெக்கார்டில் வராது" என்பார். தீர்ப்பைத் தள்ளிவைத்து, நிபந்தனைப்படி நடந்தால் கேஸை முடித்துவிடுவதுதான் டிஃபர்டு. மாநிலச் சட்டப்படி அவர் சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனால் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஏதோ ஒரு கட்டுப்பாடு விதிக்கப்பட்டாலே குடியேற்றச் சட்டத்தில் அது தண்டனைதான், பிறகு கேஸைத் தள்ளுபடி செய்தாலும். நாடுகடத்தலுக்கு வாய்ப்பிருந்தால் கட்சிக்காரரை எச்சரிக்க வேண்டியது கிரிமினல் வக்கீலின் கடமை என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதை நினைவூட்டிக் கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள்.

இனி எல்லைப் பக்கம். ஸ்பிரிங் பிரேக்குக்குச் சவுத் பாட்ரே தீவு, குளிர்காலத்தில் பிக் பெண்ட் என்று கிளம்பாத மாணவர் இங்கே குறைவு. போகும்போது ஒன்றும் தெரியாது, திரும்பி வடக்கே வரும்போது 281-ஆம் நெடுஞ்சாலையில் ஃபால்ஃபுரியஸ், 77-இல் சரீட்டா என்று சோதனைச் சாவடி, எல்லா வண்டியும் நிற்க வேண்டும். இந்த இடங்களில் காரணமே இல்லாமல் நிறுத்திக் கேட்கலாம் என்று 1976-லேயே தீர்ப்பு. பச்சை உடை போட்ட எல்லைக் காவலர் ஜன்னலில் குனிந்து, "எல்லோரும் யு.எஸ். சிட்டிசனா?" என்று வேகமாகக் கேட்பார். கார் ஓட்டுபவர் தூக்கக் கலக்கத்தில் "யெஸ்" என்று தலையாட்டிவிடக் கூடாது. குடியுரிமை இருப்பதாகப் பொய் சொன்னது என்று பதிவானால், கிரீன் கார்டு ஆசைக்கே நிரந்தரப் பூட்டு. இதே காரணத்துக்காக, லைசென்ஸ் விண்ணப்பத்தில் வாக்காளராகப் பதிவு செய்கிறீர்களா என்று கேட்கும் கட்டத்தையும் பார்த்து டிக் செய்யுங்கள். 18 வயதுக்கு மேற்பட்டவர்கள் ஐ-94 போன்ற பதிவு ஆவணத்தை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது பழைய சட்டம். ஊருக்குள் ஐ-94 பிரின்ட் போதும், இந்தப் பக்கம் போகும்போது பாஸ்போர்ட்டும், மாணவர் என்றால் ஐ-20-உம் (கல்லூரி கொடுக்கும் மாணவர் விசாப் படிவம்) அசலாகவே எடுத்துப் போங்கள்.

வீட்டுச் சண்டை என்றேனே. எச்-4-இல் (எச்-1பிக்காரரின் மனைவி என்ற விசாவில்) வந்த பெண்கள், அடி வாங்கிக்கொண்டு, போலீசைக் கூப்பிட்டால் எல்லோரையும் நாடு கடத்திவிடுவார்கள் என்று வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள். கணவர்கள் அப்படிச் சொல்லியே மிரட்டுகிறார்கள் என்பதும் ஊரறிந்த ரகசியம். தங்கைகளே, 911-ஐக் கூப்பிடுங்கள். டெக்சாஸின் கடுமையான எஸ்பி 4-இலேயே, பாதிக்கப்பட்டவரிடமும் சாட்சியிடமும் விசாரணைக்குத் தேவைப்பட்டாலோ விசா வழி பற்றிச் சொல்வதற்கோ தவிர குடியேற்ற நிலை கேட்கக் கூடாது என்று இருக்கிறது. குற்றத்தால் பாதிக்கப்பட்டு விசாரணைக்கு உதவியவர்களுக்கு யு விசா என்று ஒன்று உண்டு, ஆண்டுக்கு 10,000 என்ற வரம்பால் காத்திருப்பு நீளம்தான். அதற்கு வேண்டிய சான்றில் கையெழுத்துப் போடுவது பெரும்பாலும் இதே உள்ளூர் போலீஸ்தான். புகார் எண்ணைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகப் பெயர் விஷயம். ஐஸ் காவலில் இருப்பவரைத் தேடும் இணையப் பக்கத்தில் ஏ-எண் (குடியேற்றத் துறை ஒருவருக்குக் கொடுக்கும் கோப்பு எண்) வேண்டும், இல்லாவிட்டால் பெயரை அவர்கள் பதிந்தபடியே அச்சு மாறாமல் கொடுத்து, பிறந்த நாட்டையும் சொல்ல வேண்டும். நமக்கோ இனிஷியல், அப்பா பெயர், பாஸ்போர்ட்டில் ஒன்று விசாவில் "எஃப்என்யு" (முதல் பெயர் தெரியாது) என்று கூத்து. அறைத்தோழனை "கார்த்தி" என்றுதான் கூப்பிடுகிறோம், முழுப்பெயர் தெரியாது. ஒருவருக்கொருவர் பாஸ்போர்ட், விசாப் பக்கப் படத்தை அனுப்பி வையுங்கள், ஈஏடி அட்டை (வேலை அனுமதி அட்டை) இருந்தால் அதையும், ஏ-எண் பெரும்பாலும் அதில் யுஎஸ்சிஐஎஸ் எண் என்ற பெயரில் இருக்கும். இந்தியத் துணைத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லுங்கள் என்று கைதானவரே வாய்விட்டுக் கேட்க வேண்டும், அதிகாரிகள் தாங்களாகத் தூதரகத்துக்குச் சொல்ல மாட்டார்கள். வீடு மாறினால் 10 நாளுக்குள் ஏஆர்-11 என்ற முகவரி மாற்றப் படிவம் போடுங்கள், மாணவர்கள் கல்லூரி சர்வதேச அலுவலகத்தில் மாற்றச் சொல்லுங்கள்.