வாடகை வீட்டு ஓவன் பாதிதான் சூடாகிறது, என்ன செய்யலாம்?

கனடாவில், ஒன்டாரியோ மாகாணத்து ஸ்கார்பரோவில் அபார்ட்மெண்டில் இருக்கிறோம். வீட்டோடு வந்த கரண்ட் ஓவன் ஒரு மாதமாகப் படுத்துகிறது. நேற்று ராத்திரி மசாலா தடவிய கோழித் தொடைகளை 400 பாரன்ஹீட்டில் வைத்தேன். 45 நிமிடம் கழித்து எடுத்தால், கதவோரம் இருந்தவை கருகல், பின்னால் இருந்தவற்றில் எலும்போரம் இன்னும் ரத்தச் சிவப்பு. பிள்ளைகள் தட்டோடு காத்திருந்தார்கள். பாவமாக இருந்தது. எல்லாவற்றையும் வாணலியில் போட்டு வேகவைத்துத்தான் கொடுத்தேன்.

இன்று 350-இல் கொஞ்சம் சர்க்கரை வைத்துப் பார்த்தேன். சர்க்கரை உருக 366 டிகிரி வேண்டும். ஆனால் 15 நிமிடத்தில் முன்பக்கச் சர்க்கரை பாகாகிவிட்டது, பின்பக்கம் அப்படியே. சூடாக்கும் கீழ்க் கம்பியும் முன்னால் மட்டும்தான் செக்கச்செவேலென்று இருக்கிறது.

கம்பியை மாற்றினால் போதுமா, இல்லை சூட்டை அளக்கும் சென்சார் கோளாறா? ஒன்டாரியோ சட்டப்படி, வீட்டோடு கொடுத்த அடுப்பைச் சரிசெய்வது வீட்டுக்காரர் பொறுப்பு. அவரோ போனில் "பார்க்கலாம்" என்கிறார். எழுத்தில் கேட்டு வேலை நடந்தவர்கள் எப்படி எழுதினீர்கள் என்று சொல்லுங்கள். அப்புறம், அதுவரை தட்டைப் பாதியில் திருப்பி வைத்தால் கோழி ஒழுங்காக வேகுமா?