செட்டு மாத்திரை: எங்கள் வீட்டில் நடந்தது, உங்கள் வீட்டில்?

டெல்டா மகள்:
அப்பாவுக்கு 68 வயது. கும்பகோணம் பக்கம் விவசாயம். நடவு, அறுப்பு வந்தால் முழங்கால் வலியும் வந்துவிடும். கடைத்தெரு மெடிக்கலில் "கால் வலிக்கு மூணு நாளைக்கு ஒரு செட்டு குடு தம்பி" என்பார். வெவ்வேறு மாத்திரை அட்டைகளைக் கத்தரித்து, ஒன்றாகச் சின்னக் கவரில் போட்டுக் கொடுப்பார்கள். மருந்தின் பெயர் எந்தத் துண்டிலும் முழுதாக இருக்காது.

போன சித்திரை வெயிலில் பத்து நாள் விடாமல் போட்டிருக்கிறார். கால் வீங்கியது, சிறுநீர் குறைந்தது. மூட்டு வீக்கம்தான் என்று நினைத்து இன்னொரு செட்டு. நான் ஊருக்குப் போய் ரத்தம் எடுக்க வைத்தபோது கிரியேட்டினின் (சிறுநீரகம் சரியாக வடிகட்டாவிட்டால் ரத்தத்தில் ஏறுகிற கழிவு) 3.4. அதற்கு ஆறு மாதம் முன்னால் 1.1தான்.

கடையில் கேட்டு எழுதி வந்தேன். ஒன்று டைக்ளோஃபினாக். இன்னொன்று அசிக்ளோஃபினாக்கும் பாராசிட்டமாலும் சேர்ந்தது. பெயர்தான் வேறு, டைக்ளோஃபினாக்கும் அசிக்ளோஃபினாக்கும் ஒரே வகை வலி மருந்து. இது போக, அப்பா பிரஷருக்குப் போடுவது டெல்மிசார்டானோடு நீர் பிரியும் மருந்தும் கலந்த மாத்திரை.

சிறுநீரக டாக்டர் அப்பாவுக்குப் புரிகிற மாதிரி சொன்னார்: "வலி மாத்திரை சிறுநீரகத்துக்கு ரத்தம் வருகிற மதகை இறக்கிவிடும். பிரஷர் மாத்திரை வெளியே போகிற மதகைத் தூக்கிவிடும். நீர் மாத்திரையும் வெயிலும் ஆற்றிலேயே தண்ணியைக் குறைச்சிடும். அப்புறம் வயல்ல எப்படிய்யா தண்ணி நிக்கும்?" அப்பா வாயே திறக்கவில்லை.

வலி மாத்திரையை நிறுத்தி, டிரிப்ஸ் ஏற்றினார்கள். டயாலிசிஸ் வரை போகாமல் மூன்று வாரத்தில் 1.3க்கு இறங்கியது. அந்த மூன்று வாரமும் நான் சரியாகத் தூங்கவில்லை.

மதுரை அண்ணி:
படிக்கும்போதே பதறுகிறது தங்கச்சி. எங்கள் மாமியாருக்கு வயிற்றில். இதயத்துக்காகத் தினமும் ஆஸ்பிரின் 75 மி.கி. போடுகிறவர், இடுப்பு வலிக்கு ஐபுபுரூஃபனும் சேர்த்துக்கொண்டார். மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனது. இரும்புச் சத்து மாத்திரையால் என்று விட்டுவிட்டோம். மயங்கி விழுந்த பிறகு பார்த்தால் ஹீமோகுளோபின் 6.8, எண்டோஸ்கோப்பியில் புண்.

"சாப்பிட்டுட்டுத்தானே போட்டேன்" என்று அழுதார். வயிற்றின் உட்சுவரைக் காக்கிற சுரப்பையே இந்த மருந்து ரத்தம் வழியாகக் குறைக்கிறதாம். அதனால் சாப்பிட்டுவிட்டுப் போட்டாலும், ஊசியாகவே போட்டாலும் புண் வரலாம்.

சேலம்:
காய்ச்சலோடு உடம்பு வலி என்றால் இன்னும் கவனம். தம்பிக்கு இரண்டாம் நாளே டைக்ளோஃபினாக் ஊசி போட்டார்கள், நாலாம் நாள் டெங்கு என்று தெரிந்தது. ஈறில் ரத்தம். டெங்கு இல்லை என்று உறுதியாகும் வரை பாராசிட்டமால் மட்டும்தான்.

மெடிக்கல்காரர்:
20 வருடமாகக் கவுன்டரில் நிற்கிறேன். செட்டு கட்டிக் கொடுப்பது எங்கள் தொழிலின் தப்பு, அதை ஒப்புக்கொள்கிறேன். சீட்டு இல்லாமல் போடுகிற வயது வந்தவர்களுக்கு ஐபுபுரூஃபன் ஒரு நாளைக்கு 1200 மி.கி. தாண்டக் கூடாது. டைக்ளோஃபினாக்குக்கு டாக்டர் எழுதினாலும் ஒரு நாளைக்கு 150 மி.கி.தான் உச்சம். அதுவும் குறைந்த அளவில், சில நாள் மட்டும். பிரஷர், சிறுநீரகம், இதயம், பழைய அல்சர் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். கர்ப்பிணிகளும் அப்படித்தான், முக்கியமாக 20 வாரத்துக்குப் பிறகு. முழங்கால் வலிக்கு டைக்ளோஃபினாக் ஜெல் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். ரத்தத்தில் சேர்வது மாத்திரையைவிட ரொம்பக் குறைவு.

டெல்டா மகள்:
நன்றி அண்ணா. டாக்டரைக் கேட்டுத்தான் இப்போது அப்பாவும் ஜெல் தடவுகிறார். பிரஷர் மாத்திரை அட்டையைப் போட்டோ எடுத்து அவர் போனில் வைத்திருக்கிறேன். போன வாரம் மெடிக்கலில் பல் வலிக்கு மாத்திரை கேட்டபோது, அவராகவே போனை நீட்டி, "இதோட இது சேருமா பாரு தம்பி" என்றாராம்.