ஆர்டிஇ சீட்டில் சேர்ந்த பிள்ளையிடம் புத்தகம், சீருடைக்குப் பணம் கேட்கலாமா?

வைகைக்கரை:
வணக்கம். தமிழ்நாட்டில் ஒரு தனியார் மெட்ரிக் பள்ளி. கல்வி உரிமைச் சட்டப்படி (ஆர்டிஇ) நலிவுற்ற, பின்தங்கிய பிரிவினருக்குத் தனியார் பள்ளிகள் தர வேண்டிய 25 சதவீத ஒதுக்கீட்டில் எல்கேஜி சேர்ந்த பிள்ளை இப்போது ஒன்றாம் வகுப்பு. டியூஷன் ஃபீஸ் மட்டும்தான் இலவசமாம். புத்தகம், நோட்டு, சீருடை, "இதர" என்று ஒரு துண்டுச்சீட்டில் தொகை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சீல் இல்லை, தேதி இல்லை. அரசுப் பணம் வரவில்லை என்கிறார்கள். கட்டாவிட்டால் பெயரை எடுத்துவிட முடியுமா? இதே சலுகையோடு வேறு தனியார் பள்ளிக்கு மாறலாமா?

நெல்லைச்சீமை:
பெயரை எடுக்க முடியாது. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 16: எட்டாம் வகுப்பு முடியும்வரை பிள்ளையை வெளியேற்றக் கூடாது. பிரிவு 3 இன்னும் தெளிவு: தொடக்கக் கல்வியை முடிக்கத் தடையாகும் எந்தக் கட்டணமும் செலவும் பிள்ளை தலையில் விழக்கூடாது. "கட்டணம்" என்பதை டியூஷன் ஃபீஸாகச் சுருக்கச் சட்டத்தில் இடமே இல்லை. புத்தகம், சீருடைச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று 2023-ல் சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லிவிட்டது. வேன் கட்டணம் இதில் சேராது.

பள்ளியின் கஷ்டம் பொய்யில்லை. பிரிவு 12(2)-ன்படி, அரசு ஒரு பிள்ளைக்குச் செலவிடும் தொகை, பள்ளி வாங்கும் கட்டணம், இரண்டில் எது குறைவோ அதுதான் பள்ளிக்கு வரும். அதுவும் தாமதமாக. ஆனால் அந்தக் கணக்கு பள்ளிக்கும் அரசுக்கும் நடுவே தீர வேண்டியது. மத்திய நிதி வரவில்லை என்று மாநில அரசுகூடக் கைகழுவ முடியாது என்று 2025 ஜூனில் அதே நீதிமன்றம் கூறியது. அப்படியிருக்க, பெற்றோரிடம் அதை வசூலிக்க எந்த நியாயமும் இல்லை.

கரிசல்:
வாய்ப்பேச்சு வேண்டாம். முதலில் அந்தச் சீட்டைப் பள்ளி சீலோடு, தலைப்பு வாரியாகப் பிரித்துத் தரச்சொல்லி எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் நீங்கள் கொடுத்த கடிதத்தின் நகலே சான்று. ஏற்கெனவே பணம் கட்டியிருந்தால் ரசீது வாங்காமல் விடாதீர்கள். "இதர" என்று வாங்கியதைப் பின்னால் "நாங்கள் வாங்கவே இல்லை" என்பார்கள்.

புகார் மாவட்டக் கல்வி அலுவலருக்கு (தனியார் பள்ளிகள்), நகல் முதன்மைக் கல்வி அலுவலருக்கு. ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்புங்கள். சேர்க்கை ஆணை நகல், எமிஸ் எண் (கல்வித் துறையின் மாணவர் பதிவு எண்), சீட்டு மூன்றையும் இணையுங்கள். பிரிவு 3, 12(1)(சி) (25 சதவீத ஒதுக்கீடு), 32 (புகார்) என்று எண்ணோடு எழுதுங்கள். பிரிவு 32 புகாருக்கு மூன்று மாதத்தில் முடிவு சொல்லியாக வேண்டும். திருப்தி இல்லையென்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தில் மேல்முறையீடு. போனில் சொன்ன புகாருக்கு இந்த மூன்று மாதக் கணக்கு ஓடாது.

கூடவே 10 ரூபாய்க்கு ஒரு ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்ட) மனு: இந்தப் பள்ளிக்கு எந்தெந்த ஆண்டு, எத்தனை பிள்ளைகளுக்கு, எவ்வளவு வழங்கப்பட்டது? பணம் வரவில்லை என்ற பேச்சு நிஜமா என்று அதில் தெரிந்துவிடும்.

வைகைக்கரை:
மிக்க நன்றி. பள்ளி மாறுவது பற்றி? அடுத்த பிள்ளைக்கும் விண்ணப்பிக்க வேண்டும்.

நெல்லைச்சீமை:
மாறினால் சலுகை போய்விடும். ஒதுக்கீடு நுழைவு வகுப்புக்கு (எல்கேஜி அல்லது ஒன்றாம் வகுப்பு) மட்டும். பிரிவு 5 தரும் மாறுதல் உரிமை அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கே. ஆகவே அவசரப்பட்டு டிசி வாங்காதீர்கள். ஒன்பதாம் வகுப்பிலிருந்து முழுக் கட்டணம் என்பதையும் இப்போதே கணக்கில் வையுங்கள்.

அடுத்த பிள்ளைக்குப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது சிறுபான்மைப் பள்ளியா என்று பாருங்கள். உச்ச நீதிமன்றத்தின் 2014 பிரமதி வழக்குத் தீர்ப்பால் அவற்றுக்கு இந்த ஒதுக்கீடு இல்லை. 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அந்தத் தீர்ப்பையே சந்தேகித்துப் பெரிய அமர்வின் பார்வைக்கு அனுப்பினார்கள். அந்த அமர்வு மாற்றும்வரை பழைய நிலைதான்.

பிசி, எம்பிசி, எஸ்சி, எஸ்டி என்றால் சாதிச் சான்றிதழ் போதும், வருமான வரம்பு கிடையாது. 2 லட்ச ரூபாய் வரம்பு நலிவுற்ற பிரிவுக்கு மட்டும். இது தெரியாமல் நலிவுற்ற பிரிவில் போட்டு, வருமானச் சான்றுக்கு அலைந்து கடைசித் தேதியைத் தவறவிடுகிறார்கள். பிறப்புச் சான்றிலும் ஆதாரிலும் பெயரின் இனிஷியல் ஒன்றாக இருக்கிறதா என்று இன்றே பார்த்துவிடுங்கள்.