கிராஃபீன்ல லேசர் அடிச்சா காந்தம் இல்லாமலே ஹோல் (Hall) கரண்ட் வருமா?

உவர்மலைப் பெடியன்:
வணக்கம், திருகோணமலை கம்பஸ்ல பிசிக்ஸ் படிக்கிறன், வாற மாசம் செமினார் இருக்கு. 2009ல ஓகாவும் ஆவோகியும் எழுதின கட்டுரைய வாசிச்சன், வட்ட முனைவாக்க ஒளி (மின்புலம் சுத்திக்கொண்டு வாற ஒளி) பட்டா கிராஃபீன்ட (ஒரு அணுத் தடிப்புக் காபன் தாள்) டிராக் புள்ளியில, அதாவது இலத்திரன்ட ரெண்டு சக்திப் பட்டைகளும் தொடுற இடத்தில, கேப் (பட்டைகளுக்கு நடுவில இடைவெளி) திறக்கும், காந்தப்புலம் இல்லாமலே ஹோல் கரண்ட் (குடுத்த வோல்டேஜுக்குக் குறுக்கால ஓடுற கரண்ட்) வரும் எண்டு கிடக்கு. ஒளிக்குள்ள இருக்கிற காந்தப்புலம்தான் இதைச் செய்யுதோ? ரெண்டு லேயர் கிராஃபீனுக்கு கேட் வோல்டேஜ் (பக்கத்தில வைக்கிற மின்வாயால குடுக்கிற வோல்டேஜ்) குடுத்தாலே கேப் வருமே, அப்ப ஒளியால வாறதில என்ன விசேசம்? ஆராவது விளக்குங்கோ.

நிலாவெளி அக்கா:
தம்பி, காந்தப்புலம் இல்ல, மின்புலம் சுத்துறதுதான் விசயம். நேரத்தைப் பின்னால ஓட்டினா சுத்துற திசை மாறீடும், அந்தச் சமச்சீர் உடைஞ்சாத்தான் காந்தம் இல்லாம ஹோல் கரண்டுக்கு வழி. நேர்கோட்டு முனைவாக்கத்தில அது உடையாது. மொத்தக் காந்தப்பாயம் பூச்சியமா இருந்தாலும் குவாண்டம் ஹோல் விளைவு வரும் எண்டு 1988லயே ஹால்டேன் எண்ட இயற்பியலாளர் கிராஃபீன் மாதிரித் தேன்கூட்டு அமைப்புக்குக் காட்டினவர், ஒளி இங்க செய்யுறதும் கிட்டத்தட்ட அதேதான். மின்புலத்தின் வர்க்கத்தோட கேப் கூடும், அதிர்வெண்ணின் கனத்தோட குறையும், அதாலதான் கண்ணுக்குத் தெரியிற ஒளிய விட்டிட்டு அதிர்வெண் குறைஞ்ச மிட் இன்ஃப்ராரெட்டுக்குப் போறாங்க.

சீனக்குடா:
பரிசோதனையே செஞ்சிட்டாங்க தம்பி, 2020ல ஹம்பர்க் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்து ஆக்கள் நேச்சர் பிசிக்ஸ்ல போட்டது. ஒரு லேயர் கிராஃபீன், 80 கெல்வினுக்குக் குளிராக்கி, 500 ஃபெம்டோசெக்கன்ட் (அரைப் பிக்கோசெக்கன்ட்; ஒரு பிக்கோசெக்கன்ட் எண்டா செக்கன்ட்ட லட்சம் கோடியில ஒரு பங்கு) அளவு பல்ஸ். பல்ஸ் போனா கேப்பும் போயிடும், சாதாரண மீட்டர் ஒண்டும் அதைப் பிடிக்காது, அதால சிப்பிலயே லேசர் பட்டா மட்டும் கரண்ட் விடுற சுவிட்ச் வச்சு பிக்கோசெக்கன்ட் கணக்கில அளந்திருக்காங்க. ஒளி சுத்துற திசைய மாத்தினவுடன ஹோல் கரண்ட்ட குறியும் மாறுது பாருங்கோ, அந்தப் படத்தைக் கட்டாயம் காட்டுங்கோ! ஆனா முழுக்க டோபாலஜிதான் (பட்டைகள்ட அமைப்பில இருக்கிற முறுக்கால வாறதுதான்) எண்டு சொல்லிப்போடாதீங்க, ஒளி இலத்திரன்களை மேல்பட்டைக்குச் சமனில்லாம ஏத்துறதாலயும் பெரிய பங்கு வருது எண்டு சாட்டோ (Sato) எண்ட ஆய்வாளரும் ஆக்களும் 2019லயே கணக்குப் போட்டுக் காட்டியிருக்காங்க.

உவர்மலைப் பெடியன்:
நல்லா விளங்கிட்டு, நன்றி அண்ணா, அக்கா. அந்த ரெண்டு லேயர் விசயம்?

நிலாவெளி அக்கா:
அதுதான் எனக்கு ஆகப் பிடிச்ச இடம். கேட் வோல்டேஜால வாற கேப்பில ரெண்டு பள்ளத்தாக்கிலயும் (பட்டைகள் கிட்ட வாற ரெண்டு இடங்கள்) பெரி வளைவின் (இலத்திரனைப் பக்கவாட்டில தள்ளுற பண்பு) குறி எதிரெதிர், கூட்டினா பூச்சியம். வட்ட ஒளியில ரெண்டும் ஒரே குறி, அதால கூட்டினா மிஞ்சும். ரெண்டையும் சேத்துக் குடுத்து ஒளியக் கூட்டிக்கொண்டு போனா, ஒரு பள்ளத்தாக்கில மட்டும் கேப் மூடித் திரும்பத் திறக்கும், டோபாலஜி மாறுறது அந்த மூடுற புள்ளியிலதான்.