நண்டுக்கு வைத்த ஐஸின் புகை யார் கணக்கு?

தொண்டி வாத்தியார்: பிரிட்டன் 1990-இல் இருந்த கார்பன் புகை உமிழ்வைப் பாதியாகக் குறைத்துவிட்டது. நாமோ ஏற்றிக்கொண்டே போகிறோம். பணக்கார நாடுகளைக் குறை சொல்வதை விட்டுவிட்டு அவர்களிடம் பாடம் கற்க வேண்டும்.

மண்டபத்தான்: என்ன பாடம்? இங்கே ராமநாதபுரம் கடற்கரையில், மண்டபத்தில், நண்டை அவித்து, ஓட்டை உடைத்து, பெண்கள் விரல் நோகச் சதையைப் பிரிக்கிறார்கள். டப்பாவில் அடைத்துக் குளிரவைத்து அமெரிக்காவுக்கு அனுப்புகிறோம். தின்பவர் அங்கே. ஐஸ் உறையத் தேவையான மின்சாரத்துக்கு எரிந்த நிலக்கரியின் புகை மட்டும் இந்தியாவின் கணக்கில். எந்த மண்ணில் புகை எழுந்ததோ அந்த நாட்டின் கணக்கு என்பதுதான் ஐ.நா. முறை. ஆலையை மூடிவிட்டுப் பொருளை வெளியிலிருந்து வாங்கினால் யார் கணக்கும் குறையத்தான் செய்யும்.

கீழக்கரைவாசி: ஐஸ் என்றால் நிலக்கரிதானா? கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016 முதல் ஓடுகிறது. சொந்த மாவட்டத்தையே தெரியாமல் பேசுகிறீர்கள். ஏற்றுமதியை முழுதாகக் கழித்தாலும் இந்திய உமிழ்வில் பெரும்பகுதி நாம் பயன்படுத்துவதற்காக எழுவதுதான்.

மண்டபத்தான்: காக்கா, ஐஸ் பிளாண்ட் இரவிலும் ஓடுகிறது. இரவில் கமுதியில் வெயில் அடிக்கிறதா? இந்தியருக்குத் தலைக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 2 டன் கார்பன் டை ஆக்சைடு, அமெரிக்கருக்கு 14 டன். நம்முடைய 2 டன்னிலும் அவர்கள் தின்ற நண்டின் ஐஸ் இருக்கிறது.

பாம்பன் நாட்டுப்படகு: ஐஸ், ஐஸ் என்றே எழுதுகிறீர்கள். விசைப்படகு குடிக்கும் டீசலைப் பற்றி ஒரு வார்த்தை உண்டா? கடலடியை வழித்தெடுத்து எங்கள் நண்டு வலையை அறுத்தவர்களுக்கு இப்போது புகையில் அக்கறை வந்துவிட்டது.

மண்டபத்தான்: எங்கள் வீட்டில் விசைப்படகு கிடையாது என்று போன சண்டையிலேயே சொன்னேன். வலைக் கணக்கை இங்கே கொண்டுவராதீர்கள்.

பாம்பன் நாட்டுப்படகு: உங்கள் மச்சானுக்கு இருக்கிறதே!

தொண்டி வாத்தியார்: 2026 ஜனவரி முதல் ஐரோப்பா, வெளியிலிருந்து வரும் பொருளைச் செய்தபோது எழுந்த புகைக்கு, எல்லையில் கார்பன் கட்டணம் வைக்கிறது. அது நண்டுக்கும் வரும்போது இந்த வீராப்பு எங்கே போகிறதென்று பார்க்கிறேன்.

கீழக்கரைவாசி: வாத்தியாரே, கட்டணம் விழும் பொருள்களின் பட்டியலைப் படித்துவிட்டு எழுதுங்கள். இரும்பு, எஃகு, அலுமினியம், சிமெண்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம். நண்டு எங்கே இருக்கிறது?

மண்டபத்தான்: எஃகுக்கு வைப்பது மட்டும் நியாயமா? புகையும் நம் தலையில், கட்டணமும் நம் தலையில். உலக உமிழ்வில் ஏறத்தாழ 3 சதவீதம் கப்பல்களுடையது. பன்னாட்டுக் கப்பல் எரிபொருள் எந்த நாட்டின் மொத்தத்திலும் சேர்வதில்லை. நண்டு கடல் தாண்டும் புகைக்கு ஆளே இல்லை. மண்டபத்தில் உறைந்த ஐஸுக்கு மட்டும் நாம் பொறுப்பு!

கீழக்கரைவாசி: கப்பலுக்குள் ஒளியாதீர்கள். பகலில் ஓடும் ஐஸ் பிளாண்டுக்குப் பதில் என்ன?

மண்டபத்தான்: பகலோ இரவோ, அந்த ஐஸ் யாருக்காக உறைந்தது? முதலில் அதைச் சொல்லுங்கள்.