வி.ஐ.ஏ. பாசிட்டிவ் வந்தாலே கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டுமா?

கிராமசெவிலியர்:
ஆரம்ப சுகாதார நிலையத்தில் 30 வயதைத் தாண்டிய பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்காக வி.ஐ.ஏ. (அசிட்டிக் ஆசிட் தடவி, வெளுக்கிறதா என்று கண்ணால் பார்க்கும் பரிசோதனை) பார்க்கிறோம். பாசிட்டிவ் என்று சீட்டு கொடுத்ததும் சிலர் நேராகப் போய், "கர்ப்பப்பையை எடுத்துடுங்க" என்று கேட்கிறார்கள். அவர்களுக்குச் சரியான அடுத்த படி என்ன? ஒரு நாள் வரிசையாகப் பாசிட்டிவ் வருகிறது, மறுநாள் ஒன்றுகூட இல்லை, எங்கே பிசகுகிறது? புற்றுநோய் 2பி நிலை என்று சொல்லப்பட்டவருக்கு ஆபரேஷன் இல்லை, கரண்ட் (கதிர்வீச்சு) வைக்கணும் என்கிறார்கள். வீட்டில் "கைவிட்டுட்டாங்க" என்று அழுகிறார்கள். எப்படி விளக்குவது?

மகளிர்நலம்:
சிஸ்டர், இரண்டாவது கேள்வியை முதலில் எடுக்கிறேன். கரைசலைப் பாருங்கள். 95 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் 5 மி.லி. கிளேசியல் அசிட்டிக் ஆசிட். நீரில்தான் ஆசிடை ஊற்ற வேண்டும், ஆசிடில் நீரை அல்ல. அன்றன்று கலக்குங்கள், மிச்சத்தை மாலையில் கொட்டிவிடுங்கள். அளவு கூடினால் சதை வெந்து எல்லாமே வெள்ளையாகும், குறைந்தால் எதுவும் வெளுக்காது.

அடுத்தது நேரம். சளியை முதலில் துடைத்துவிட்டு, பஞ்சை நன்றாக நனைத்து வைத்து, கடிகாரத்தைப் பார்த்து முழுதாக 1 நிமிடம் காத்திருங்கள். கூட்டம் அதிகமான நாளில் இந்த 1 நிமிடம்தான் முதலில் பறிபோகும். மஞ்சள் வெளிச்ச டார்ச்சும் ஏமாற்றும்.

அடர்த்தியாக, சுண்ணாம்பு பூசியதுபோல், ஓரம் தெளிவாக, எஸ்.சி.ஜே. கோட்டை (கர்ப்பப்பை வாயின் வெளிப்புறப் படலமும் உள்வழிப் படலமும் சந்திக்கும் கோடு) ஒட்டி இருக்கும் வெள்ளையே பாசிட்டிவ். மங்கலாகப் பரவியது, கோட்டை விட்டு விலகிய திட்டு, நபோத்தியன் கட்டி (சளி அடைத்த சாதாரணக் கட்டி) இவை நெகட்டிவ். மாதவிடாய் நின்றவர்களுக்கு அந்தக் கோடு உள்ளே போய்விடும். கோடு தெரியாதபோது "நெகட்டிவ்" என்று எழுதவே கூடாது, அவர்களுக்கு ஹெச்.பி.வி. (இந்தப் புற்றை உண்டாக்கும் வைரஸ்) டெஸ்ட்தான் பொருத்தம். தொட்டால் ரத்தம் கசியும் வளர்ச்சி கண்ணுக்கே தெரிந்தால் வி.ஐ.ஏ. எதற்கு? அன்றே பயாப்ஸிக்கு (சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது) அனுப்புங்கள்.

கையும் கண்ணும் பழகிய செவிலியர்களால் இது முடியும். திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்து 2007இல் வெளியான ஆய்வில், பயிற்சி பெற்ற செவிலியர்கள் ஒரே ஒரு முறை வி.ஐ.ஏ. பார்த்த குழுவில் இந்தப் புற்றுநோயால் வரும் இறப்பு 35% குறைந்தது. பாசிட்டிவ் வந்தவர்களைத் தொடர்ந்து கவனித்துச் சிகிச்சை கொடுத்ததும் அதில் அடக்கம்.

கால்போ:
முதல் கேள்விக்கு. பாசிட்டிவ் வந்தவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருக்காது. கால்போஸ்கோப்பியில் (கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி) பார்த்து, சந்தேகமான இடத்தில் பயாப்ஸி எடுப்பார்கள். புற்றுக்கு முன்நிலை மாற்றம் மட்டும் என்றால் தெர்மல் அப்லேஷன் (சூட்டால் அந்தத் திட்டை அழிப்பது) போதும்: 100 டிகிரி, 20 முதல் 30 விநாடி. ஆனால் திட்டு முழுவதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும், உள்வழிக்குள் நுழைந்திருக்கக் கூடாது, கர்ப்பப்பை வாயின் முக்கால் பாகத்தைத் தாண்டக் கூடாது. இதில் ஒன்று தவறினாலும் லீப் (மின்கம்பி வளையத்தால் வெட்டி எடுப்பது) செய்து அந்தத் திசுவை லேபுக்கு அனுப்ப வேண்டும். பிறகு நீர்போல வெள்ளைப் படும், பயப்பட வேண்டாம். 4 வாரம் தாம்பத்தியம் கூடாது. ஒரு வருடத்தில் மறுபடி பரிசோதனை.

பயாப்ஸி இல்லாமல் கர்ப்பப்பையை எடுப்பதை வன்மையாக எதிர்க்கிறேன். உள்ளே ஊடுருவிய புற்று ஒளிந்திருந்தால் சாதாரண ஆபரேஷனில் பக்கத் திசுவும் நிணநீர்க் கட்டிகளும் அப்படியே தங்கிவிடும். பிறகு கதிர்வீச்சு கொடுக்கும்போது குடல் அந்தக் காலி இடத்தில் இறங்கியிருக்கும், உள்கதிர் (உள்ளே வைத்துக் கொடுக்கும் கதிர்வீச்சு) குழாயை நிறுத்தக் கர்ப்பப்பையும் இருக்காது.

ரேடியோதெரபி:
2பி என்றால் நோய் கர்ப்பப்பை வாயைத் தாண்டிப் பக்கத்திலுள்ள திசுவான பாராமெட்ரியத்துக்குள் போயிருக்கிறது, இடுப்பெலும்புச் சுவரைத் தொடவில்லை. இதை ஆசனவாய் வழியே விரலால் தடவித்தான் கண்டுபிடிப்போம், எம்.ஆர்.ஐ. உறுதிப்படுத்தும். ஆபரேஷன் செய்தால் வெட்டிய ஓரத்தில் நோய் மிஞ்சும், அதற்கு மேல் கரண்டும் வைக்க நேரும். இரண்டின் பக்கவிளைவும் ஒரே உடம்பில் சேரும். அதனால் குணப்படுத்தும் நோக்கத்தோடுதான் கரண்ட் வைக்கிறார்கள் என்று அந்த வீட்டில் அழுத்திச் சொல்லுங்கள்.

வழக்கமான முறை: வெளியிலிருந்து கதிர்வீச்சு வாரம் 5 நாள் வீதம் 25 தடவை, மொத்தம் 45 கிரே (கதிர்வீச்சு அளவு). கூடவே வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து, உடற்பரப்பு சதுர மீட்டருக்கு 40 மி.கி. பிறகு உள்கதிர். எல்லாம் 8 வாரத்துக்குள் முடிய வேண்டும், நாள் இழுத்தால் பலன் குறையும்.

எங்கே கெடுகிறது தெரியுமா? சில வாரங்களில் ரத்தப்போக்கு நின்றுவிடும். "சரியாயிடுச்சு" என்று உள்கதிருக்கு வராமல் இருந்துவிடுவார்கள். கட்டியின் நடுவில் பாயும் பெரிய டோஸ் உள்கதிரில்தான் இருக்கிறது. அதை விட்டால் நோய் திரும்பும். அந்த வாரங்களில் ஒரு போன் போட்டு விசாரியுங்கள் சிஸ்டர்.

கிரியாட்டினினும் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பாருங்கள். கட்டி சிறுநீர்க் குழாயை அடைத்துச் சிறுநீரகம் வீங்கியிருந்தால் அதுவே 3பி நிலை. ஸ்டென்ட் (சிறு குழாய்) போட்டு வழி திறந்த பிறகே சிஸ்பிளாட்டின்.

கிராமசெவிலியர்:
நன்றி டாக்டர். அனுப்பும் சீட்டில் என்னென்ன எழுதினால் உங்களுக்கு உதவும்?

கால்போ:
ஒரு வட்டம் வரையுங்கள். வெள்ளை எத்தனை மணி இடத்தில், எஸ்.சி.ஜே. முழுதும் தெரிந்ததா, உள்வழிக்குள் போகிறதா, கடைசி மாதவிடாய்த் தேதி, ஹெச்.ஐ.வி. நிலை. தொடர்பு எண் மறக்க வேண்டாம்.